ஹோம் தியேட்டருக்குப் பணத்துக்கேற்ற ரிசீவர் தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ரிசீவர் (கருவிகளின் ஒலியை வாங்கி, பெருக்கி, ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எத்தனை வாட் வாங்கலாம்?" நண்பர்கள், உறவினர்கள் என்று பலர் வீட்டு ஹாலில் ரிசீவரைப் பெட்டியிலிருந்து இறக்கி, கேபிள் இழுத்து, மைக் வைத்து அளந்து கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: வாட் என்பது நான்காவதாகப் பார்க்க வேண்டிய விஷயம். அதை முதலில் பார்ப்பவர்கள்தான் தேவையில்லாததற்குப் பணம் கொடுத்துவிட்டு, தேவையான ஒன்று இல்லாமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒவ்வொரு வசதியைப் பார்க்கும்போதும் ஒரு கேள்வி கேளுங்கள். "இது இல்லாவிட்டால், பின்னால் வெளியிலிருந்து சேர்த்துக்கொள்ள முடியுமா?" முடியும் என்றால் அதற்காக இப்போது கூடுதல் பணம் தர வேண்டாம். முடியாது என்றால் அங்கே சிக்கனம் பார்க்காதீர்கள். கீழே உள்ள எல்லாப் படிகளிலும் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வரும்.

1. கடைக்குப் போகும் முன் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியவை

ஒரு தாள், ஒரு அளவு நாடா, அரை மணி நேரம் போதும். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பார்கள். இதில் அது அப்படியே பொருந்தும்.

அறையின் நீளம், அகலம், உயரத்தை எழுதுங்கள். உட்காரும் இடத்திலிருந்து முன் ஸ்பீக்கர்கள் வரப்போகும் இடம் வரை எத்தனை மீட்டர் என்று அளந்துகொள்ளுங்கள். சோஃபாவுக்குப் பின்னால் சுவர் ஒட்டி இருக்கிறதா, இடைவெளி இருக்கிறதா என்பதையும் குறியுங்கள். சேனல் எண்ணிக்கையை இந்த ஒரு குறிப்பே பாதி முடிவு செய்துவிடும்.

அடுத்து, டிவியின் மாடல் எண். டிவியின் பின்பக்கம் போய், எந்த ஹெச்டிஎம்ஐ துளையின் பக்கத்தில் "ஏஆர்சி" அல்லது "இஏஆர்சி" (டிவியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வழி) என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. கடையில் நிற்கும்போது இது ஞாபகம் வராது.

பிறகு, இணைக்கப் போகும் கருவிகளின் பட்டியல்: செட்டாப் பாக்ஸ், ப்ளூ-ரே பிளேயர், கேம் கன்சோல், ஸ்ட்ரீமிங் ஸ்டிக். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெச்டிஎம்ஐ துளை வேண்டும். அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் வரக்கூடியதற்காக ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ரிசீவர் உட்காரப் போகும் அலமாரியின் ஆழமும் உயரமும். இதை ஏன் இவ்வளவு சீக்கிரம் கேட்கிறேன் என்பது 9ஆம் படியில் தெரியும்.

2. ஸ்பீக்கரை முதலில் முடிவு செய்யுங்கள்

ரிசீவர் வாங்கிய பிறகு ஸ்பீக்கர் தேடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. என் உறவினர் ஒருவர் 9 சேனல் ரிசீவரை முதலில் வாங்கினார். அதன்பின் கையில் மிஞ்சிய பணத்துக்கு ஐந்து சிறிய ஸ்பீக்கர்கள்தான் கிடைத்தன. பின்பக்கத்தில் நான்கு ஜோடி முனைகள் இன்றுவரை காலியாக இருக்கின்றன. அந்தப் பணம் சப்வூஃபருக்கு (அடித்தொனிக்கென்றே உள்ள ஸ்பீக்கர்) போயிருந்தால் அவர் வீட்டில் ஒலியே வேறாக இருந்திருக்கும்.

காரணம் எளிது. காதுக்கு வரும் ஒலியைத் தீர்மானிப்பதில் ஸ்பீக்கருக்கும் அறைக்கும்தான் பெரும்பங்கு. ஒரே விலைப் பிரிவில் உள்ள இரண்டு ரிசீவர்களை, அறைத் திருத்தங்களையெல்லாம் (7ஆம் படி) அணைத்துவிட்டு, அளவான சத்தத்தில் கேட்டால் வேறுபாடு கண்டுபிடிப்பது கடினம். இரண்டு ஸ்பீக்கர்களின் வேறுபாடு முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். ஆயுளும் அப்படித்தான். நல்ல ஸ்பீக்கர் இருபது ஆண்டுகள்கூட உழைக்கும். ரிசீவரின் ஹெச்டிஎம்ஐ பலகை அதற்குள் பழையதாகிவிடும்.

அதனால் மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி ரிசீவருக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது என் கணக்கு. ஸ்பீக்கர்கள் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் இந்தக் கணக்கு உங்களுக்கு இல்லை.

ஸ்பீக்கர் முடிவானதும் அதன் விவரக் குறிப்பிலிருந்து இரண்டு எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: சென்சிட்டிவிட்டி (ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும்) எத்தனை டெசிபல், இம்பிடன்ஸ் (மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை) எத்தனை ஓம். அட்டையில் பெரிதாக அச்சடித்திருக்கும் "அதிகபட்ச வாட்" இப்போது தேவையில்லை.

3. எத்தனை சேனல் என்பதை அறையே சொல்லட்டும்

5.1.2 என்று எழுதியிருந்தால் முதல் எண் காது மட்டத்தில் உள்ள ஸ்பீக்கர்கள், நடு எண் சப்வூஃபர், கடைசி எண் மேலே இருக்கும் அட்மோஸ் ஸ்பீக்கர்கள் (அட்மோஸ் என்பது தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச் செய்யும் டால்பி ஒலி வடிவம்). 7 சேனல் ரிசீவர் என்றால் உள்ளே ஏழு ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது என்று பொருள். அந்த ஏழை 7.1 ஆகவும் பிரிக்கலாம், 5.1.2 ஆகவும் பிரிக்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது.

சோஃபா பின்சுவரை ஒட்டி இருந்தால் பின் சரவுண்ட் ஸ்பீக்கருக்கு இடமே இல்லை. அங்கே 7.1 வைத்தால் பின் ஸ்பீக்கர்கள் தலையை உரசிக்கொண்டு நிற்கும், முன்னால் நடப்பது எதுவும் காதில் விழாது. அந்த அறைக்கு 5.1.2 தான் சரி. பக்க ஸ்பீக்கர்களை உட்காருமிடத்துக்குச் சற்றுப் பின்னால், 110 முதல் 120 டிகிரி கோணத்தில் வைத்துவிட்டால் பின்னொலியும் கிடைத்துவிடும்.

மேல்கூரையில் துளை போட முடியாதவர்கள், கூரையில் பட்டுத் திரும்பும்படி மேல்நோக்கி ஒலிக்கும் ஸ்பீக்கர்களைப் பற்றிக் கேட்பார்கள். கூரை சமதளமாகவும் கடினமாகவும் அதிக உயரம் இல்லாமலும் இருந்தால்தான் அவை வேலை செய்யும். சாய்ந்த கூரை, ஒலியை உறிஞ்சும் பலகை போட்ட கூரை என்றால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

சேனல் எண்ணிக்கை, பின்னால் எளிதில் சேர்க்க முடியாத வகையைச் சேர்ந்தது. ஆகவே இங்கே ஒரு படி மேலே யோசிப்பது தவறில்லை. இன்று 5.1 மட்டும் வைக்கப் போகிறீர்கள், இரண்டு ஆண்டுகளில் மேலே இரண்டு ஸ்பீக்கர் மாட்டும் எண்ணம் உண்டு என்றால் 7 சேனலாக வாங்குங்கள். 5 சேனல் ரிசீவரில் அட்மோஸ் உயர ஸ்பீக்கர் இணைக்க முனையே இருக்காது. ஆனால் "எதற்கும் இருக்கட்டும்" என்று 11 சேனல் வாங்க வேண்டாம்.

விளம்பரத்தில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். சில மாடல்களில் "11.2 பிராசஸிங்" என்று போட்டிருக்கும், உள்ளே ஆம்ப்ளிஃபையர் 9 மட்டுமே இருக்கும். மீதி இரண்டு சேனலுக்குத் தனி ஆம்ப்ளிஃபையர் வாங்கி, பின்பக்கத்து ப்ரீ-அவுட் துளையில் (பெருக்காத ஒலியை வெளியே தரும் துளை) இணைக்க வேண்டும். படிப்படியாக வளர்க்க நினைப்பவருக்கு இது நல்ல வசதி. தெரியாமல் வாங்குபவருக்கு ஏமாற்றம்.

4. வாட் கணக்கை வரி வரியாகப் படியுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நிதானமாக நில்லுங்கள். கடையில் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

ஒரு ரிசீவரின் அட்டையில் "150 வாட்" என்று இருக்கிறது, இன்னொன்றில் "80 வாட்" என்று இருக்கிறது. விவரக் குறிப்பைத் திறந்து பார்த்தால் முதலாவதில் இப்படி எழுதியிருக்கும்: 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10% சிதைவு, ஒரு சேனல் மட்டும் இயங்கும்போது. இரண்டாவதில்: 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.08% சிதைவு, இரண்டு சேனல் இயங்கும்போது. இரண்டும் ஏறக்குறைய ஒரே திறன் கொண்டவையாக இருக்க முழு வாய்ப்பு உண்டு. முதலாவது தன்னால் முடிந்த உச்சத்தை, ஒலி உடைந்துபோகும் நிலையில் சொல்கிறது. இரண்டாவது நிஜமாகக் கேட்கும் நிலையில் சொல்கிறது.

ஒப்பிடும்போது இந்த இரண்டாவது வகை வரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: 8 ஓம், முழு அலைவரிசை, 0.1 விழுக்காட்டுக்குக் குறைந்த சிதைவு, இரண்டு சேனல். அந்த வரியே இல்லாத ரிசீவரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

"ஏழு சேனலுக்கும் 80 வாட் என்றால் மொத்தம் 560 வாட் வருமா?" என்று கேட்பார்கள். வராது. எல்லாச் சேனலுக்கும் ஒரே பவர் சப்ளைதான். எல்லாம் சேர்ந்து இழுத்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது குறையும். நல்லவேளையாக, படத்தில் ஏழு சேனலும் ஒரே நொடியில் முழு பலத்தில் கேட்கும் தருணம் மிக அரிது.

இனி, எத்தனை வாட் நிஜமாக வேண்டும்? வாட் இரட்டிப்பானால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும். கேட்பதற்கு இரு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். 80 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கூடுவது ஒரு டெசிபல்கூட இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டாலும் உங்களுக்குத் தெரியாது. அந்த 20 வாட்டுக்காக அடுத்த மாடலுக்கு ஏறுபவர்கள் எத்தனை பேர்!

2ஆம் படியில் எழுதிய சென்சிட்டிவிட்டியை இப்போது எடுங்கள். 87 டெசிபல் என்றால், 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் கேட்கும். திறந்த வெளியில் 3 மீட்டர் தள்ளிப் போனால் ஏறத்தாழ 9.5 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் இழப்பு அதைவிடக் குறைவு. மோசமான கணக்கையே எடுத்தாலும் ஒரு வாட்டில் 77.5 டெசிபல். 64 வாட் கொடுத்தால் அதோடு 18 கூடி 95 டெசிபலைத் தாண்டும். அதுவும் ஒரே ஒரு ஸ்பீக்கரிலிருந்து. வீட்டில் அதைவிட அதிகமாக வைத்தால் பக்கத்து அறையில் இருப்பவர் கதவைத் தட்டுவார்.

இதிலிருந்து கிடைக்கும் பலன்: 87 டெசிபலுக்குப் பதில் 90 டெசிபல் ஸ்பீக்கர் எடுத்தால், வாட்டை இரட்டித்ததற்குச் சமம். மேலும் சப்வூஃபர் வைத்து 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அதற்கு அனுப்பிவிட்டால், ரிசீவரின் பாரம் பெருமளவு இறங்கிவிடும், ஏனென்றால் அதிக சக்தியை உறிஞ்சுவது அடித்தொனிதான்.

பெரிய அறை, 4 மீட்டருக்கு மேல் தூரம், 85 டெசிபலுக்குக் குறைந்த ஸ்பீக்கர் என்றால் மட்டும் கூடுதல் வாட் தேடுங்கள். அப்போதும் ப்ரீ-அவுட் உள்ள ரிசீவர் வாங்கிவிட்டால், முன் ஸ்பீக்கர்களுக்கு ஒரு தனி ஆம்ப்ளிஃபையர் பின்னால் சேர்க்கலாம். வாட் என்பது பின்னால் சேர்க்கக்கூடியது. ப்ரீ-அவுட் அப்படியல்ல.

5. ஓம் பொருந்துகிறதா பாருங்கள்

ஸ்பீக்கர் 8 அல்லது 6 ஓம் என்றால் கவலை வேண்டாம். 4 ஓம் என்றால் ரிசீவரின் கையேட்டில் 4 ஓம் ஸ்பீக்கர் இணைக்கலாம் என்று எழுதியிருக்க வேண்டும். ஓம் குறையக் குறைய ரிசீவர் அதிக மின்னோட்டம் தர வேண்டியிருக்கும், சூடு ஏறும், பாதுகாப்புச் சுற்று அணைத்துவிடும்.

சில ரிசீவர் மெனுவில் "ஸ்பீக்கர் இம்பிடன்ஸ்" என்று ஒரு அமைப்பு உண்டு. புதியவர்கள் 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதைக் கீழே இறக்கிவிட்டு நிம்மதி அடைவார்கள். பெரும்பாலான மாடல்களில் அது செய்வது, சூடு ஏறாதபடி மின்னழுத்தத்தைக் குறைப்பது மட்டுமே. கிடைக்கும் சக்தியும் அதோடு குறைந்துவிடும். எட்டிலேயே விட்டுவிட்டு, காற்றோட்டத்தைக் கவனிப்பதே நான் செய்வது.

6. ஹெச்டிஎம்ஐ: டிவியோடு சேர்த்துத்தான் முடிவு

ஒலி எந்த வழியாக ரிசீவருக்கு வருகிறது என்பதைத் தாளில் அம்புக்குறி போட்டு வரையுங்கள். இரண்டு வழிதான். கருவி நேராக ரிசீவருக்கு வந்து, படம் அங்கிருந்து டிவிக்குப் போகும். அல்லது கருவி டிவிக்குப் போய், ஒலி மட்டும் ஏஆர்சி அல்லது இஏஆர்சி வழியாக ரிசீவருக்குத் திரும்பி வரும். டிவிக்குள்ளேயே இருக்கும் ஸ்ட்ரீமிங் செயலிகளுக்கு இந்த இரண்டாவது வழி மட்டுமே உண்டு.

ஏஆர்சி என்பது குறுகிய வழி. சுருக்கிய ஒலி வடிவங்களான டால்பி டிஜிட்டல், டால்பி டிஜிட்டல் பிளஸ் போகும். ஸ்ட்ரீமிங்கில் வரும் அட்மோஸ், டிஜிட்டல் பிளஸ்ஸுக்குள் அடங்கி வருவதால், டிவி அனுமதித்தால் அதுவும் இதில் போகும். ப்ளூ-ரேயின் ட்ரூஹெச்டி, டிடிஎஸ்-ஹெச்டி மாஸ்டர் ஆடியோ, கேம் கன்சோலின் பல சேனல் பிசிஎம் (சுருக்காத ஒலி) இவையெல்லாம் போகாது. இவற்றுக்கு இஏஆர்சி வேண்டும், அதுவும் டிவி, ரிசீவர் இரண்டிலும்.

டிவியில் ஏஆர்சி மட்டும் இருந்தால் டிவியை மாற்ற வேண்டாம். ப்ளூ-ரே பிளேயரையும் கன்சோலையும் நேராக ரிசீவரில் இணைத்தால் முடிந்தது. செலவில்லாத இந்தத் தீர்வு பலருக்குத் தோன்றுவதே இல்லை.

கேம் ஆடுபவர்களுக்கு ஒரு கேள்வி: 4கே படம் நொடிக்கு 120 ஃபிரேமில் ரிசீவர் வழியாகப் போக வேண்டுமா? ஆம் என்றால் ஹெச்டிஎம்ஐ 2.1 துளை வேண்டும். இங்கேயும் அட்டையை நம்பாதீர்கள். 2.1 தரத்தின் உச்சம் 48 கிகாபிட். பல ரிசீவர்களில் 40 அல்லது 24 கிகாபிட் வரைதான் இருக்கும். ஆறு துளைகளில் மூன்று மட்டுமே வேகமானவையாகவும் இருக்கலாம். எந்தத் துளை எவ்வளவு என்று கையேட்டில் பாருங்கள். கையேடு நிறுவனத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும். வாங்கும் முன் கையேட்டைப் படித்த ஒருவரைக்கூட நான் இன்னும் பார்க்கவில்லை. தயவுசெய்து நீங்கள் படியுங்கள்.

டிவியில் 2.1 துளையும், டிவி, ரிசீவர் இரண்டிலும் இஏஆர்சியும் இருந்தால் இன்னொரு வழி உண்டு. கன்சோலை டிவியில் இணைத்து, ஒலியை இஏஆர்சியில் ரிசீவருக்கு அனுப்புங்கள். அப்போது ரிசீவரில் 2.1 இல்லாவிட்டாலும் எதையும் இழக்க மாட்டீர்கள். பழைய மாடல் ஒன்று நல்ல விலைக்குக் கிடைத்தால், அதை எடுக்கலாமா என்பதை இந்த ஒரு விவரம்தான் முடிவு செய்யும். ஒரு எச்சரிக்கை: டிடிஎஸ் ஒலியைக் கடத்தாத டிவிகள் பல உண்டு. டிஸ்க் அதிகம் பார்ப்பவர்கள் பிளேயரை ரிசீவரிலேயே வையுங்கள்.

இவற்றோடு ரிசீவர் ஹெச்டிசிபி (படத்தை நகலெடுக்காமல் காக்கும் பூட்டு) 2.2 அல்லது 2.3 ஏற்குமா, உங்கள் டிவியில் டால்பி விஷன் அல்லது ஹெச்டிஆர்10 பிளஸ் (படத்தின் ஒளி, நிற வீச்சைக் கூட்டும் வடிவங்கள்) இருந்தால் அதைக் கடத்துமா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

7. அறைத் திருத்தத்துக்குப் பணம் கொடுங்கள்

ரிசீவரில் எதற்குக் கூடுதல் பணம் தரலாம் என்று கேட்டால் நான் சொல்வது இதைத்தான். ரிசீவரோடு ஒரு சிறிய மைக் வரும். ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் ஒரு ஒலியை எழுப்பி, மைக்கில் கேட்டு, தூரம், சத்த அளவு, அறை செய்யும் குளறுபடி மூன்றையும் ரிசீவர் சரிசெய்யும். அறைக்குள் அடித்தொனி ஒரு இடத்தில் குவியும், ஒரு இடத்தில் காணாமல் போகும். நல்ல திருத்தம் அந்தக் குவியலை அமுக்கிவிடும். வசனம் தெளிவதை அப்போதே உணரலாம்.

டெனான், மராண்ட்ஸில் ஆடிஸி. அதில் மல்ட்இக்யூ, மல்ட்இக்யூ எக்ஸ்டி, மல்ட்இக்யூ எக்ஸ்டி32 என்று மூன்று நிலை. எக்ஸ்டி32 மற்ற இரண்டையும்விடப் பல மடங்கு நுணுக்கமாகத் திருத்தும். யமஹாவில் வைபிஏஓ. ஓன்கியோவில் ஆக்யூஇக்யூ, அதன் மேல்நிலை மாடல்களில் டிராக் லைவ். டிராக் லைவைச் சில ரிசீவர்கள் உள்ளடக்கியே தருகின்றன, சிலவற்றில் தனி உரிமம் வாங்க வேண்டும். சிலவற்றில் கையோடு வருவது 500 ஹெர்ட்ஸ் வரை மட்டும் திருத்தும் பதிப்பு. உண்மையில் அறை அதிகம் கெடுப்பதும் அந்தப் பகுதியைத்தான், ஆகவே அதுவே போதும்.

ஆடிஸியில் முதல் நிலைக்கும் எக்ஸ்டி32க்கும் உள்ள விலை வேறுபாட்டை, இரண்டு ரிசீவர்களுக்கு இடையே உள்ள வாட் வேறுபாட்டோடு வைத்துப் பாருங்கள். என் காதுக்கு முதலாவதுதான் பணத்துக்கு மதிப்பு.

இரண்டு சப்வூஃபர் வைக்கப் போகிறவர்கள் இன்னொன்றையும் கேளுங்கள். பின்பக்கத்தில் இரண்டு சப் துளை இருந்தாலும், குறைந்த விலை மாடல்களில் பெரும்பாலும் இரண்டும் ஒரே சிக்னல்தான். "இரண்டையும் தனித்தனியாகத் தூரமும் அளவும் திருத்துமா?" என்று பாருங்கள்.

8. எதற்குப் பணம் தர வேண்டாம்

உள்ளேயே வரும் ஸ்ட்ரீமிங் செயலிகளுக்கு வேண்டாம். சில ஆண்டுகளில் அவற்றுக்கு அப்டேட் நின்றுவிடும். ஒரு சிறிய ஸ்டிக் அதைவிட நன்றாகச் செய்யும்.

பழைய படத்தை 8கே ஆக்கும் வசதி வேண்டாம், டிவியே அதைச் செய்யும். இரண்டாம் அறைக்கு ஒலி அனுப்பும் வசதியை நிஜமாகப் பயன்படுத்துவீர்களா என்று யோசியுங்கள். ஒரே ஸ்பீக்கருக்கு இரண்டு ஆம்ப்ளிஃபையர் சேனல் கொடுக்கும் பை-ஆம்ப் முறையில், ஒரே பவர் சப்ளை கொண்ட ரிசீவரில், காதுக்குத் தெரியும் பலன் எதையும் நான் கேட்டதில்லை.

போன ஆண்டு மாடலைத் தயங்காமல் எடுக்கலாம். இரண்டு மாடல்களின் கையேடுகளையும் பக்கத்தில் வைத்து, சேனல், ஹெச்டிஎம்ஐ, அறைத் திருத்தம் மூன்றும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றென்றால் புதியதற்குக் காரணம் இல்லை.

பயன்படுத்தியதை வாங்கினால் முதலில் சோதிக்க வேண்டியது ஹெச்டிஎம்ஐ. ஆம்ப்ளிஃபையர் பகுதி நெடுநாள் உழைக்கும், இந்தப் பலகைதான் முன்னதாகப் போகும். ஒவ்வொரு துளையிலும் படம் வருகிறதா, ஒவ்வொரு சேனலிலும் ஒலி வருகிறதா என்று நேரில் பாருங்கள். மைக்கும் ரிமோட்டும் இருக்கிறதா என்று கேளுங்கள். மைக் அந்த நிறுவனத்தின் திருத்த முறைக்கு ஏற்றது, வேறு நிறுவனத்து மைக்கைப் போட்டால் திருத்தம் தப்பாகிவிடும்.

9. இடம், காற்று, கேபிள்

ரிசீவரின் ஆழத்தோடு, பின்னால் வளையும் ஹெச்டிஎம்ஐ கேபிளுக்கும் ஸ்பீக்கர் முனைகளுக்கும் குறைந்தது 5 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே 10 செ.மீ.யாவது திறந்திருக்க வேண்டும். நண்பர் ஒருவர் வீட்டில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் ரிசீவர் இருந்தது, மேலே செட்டாப் பாக்ஸை வேறு அடுக்கியிருந்தார்கள். படம் ஓடி ஒரு மணி நேரத்தில் தானாக அணைந்துவிடும். ரிசீவர் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்கத் தயாராகிவிட்டார். கதவைத் திறந்து கை வைத்துப் பார்த்தேன், மேல்தகடு தொட முடியாத சூடு. செட்டாப் பாக்ஸைப் பக்கத்துத் தட்டுக்கு மாற்றி, கதவைக் கழற்றினோம். அதன்பின் அணையவில்லை.

ஸ்பீக்கர் கேபிள் சாதாரண செம்பு போதும். ஏழெட்டு மீட்டர் வரை 1.5 சதுர மி.மீ., அதற்கு மேல் அல்லது 4 ஓம் என்றால் 2.5 சதுர மி.மீ. செம்பு பூசிய அலுமினியக் கேபிளைத் தவிருங்கள், அதில் மின்தடை அதிகம். 4கே 120க்கு "அல்ட்ரா ஹை ஸ்பீடு" என்று சான்று பெற்ற ஹெச்டிஎம்ஐ கேபிள் வேண்டும். அதற்கு மேல் கேபிளுக்குச் செலவழிக்க ஒன்றுமில்லை.

10. இணைக்கும் வரிசை

இந்த வரிசையை மாற்றாதீர்கள். மின்சாரம் கொடுப்பது கடைசியில்தான், ஏனென்றால் இயங்கும் ரிசீவரில் ஸ்பீக்கர் கம்பி இழை ஒன்று பக்கத்து முனையைத் தொட்டாலும் ஷார்ட் ஆகும்.

முதலில் ஸ்பீக்கர் கேபிள். சிவப்புக்குச் சிவப்பு, கருப்புக்குக் கருப்பு. கம்பி இழைகளை முறுக்கிச் செருகுங்கள், ஒரு இழைகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அடுத்து சப்வூஃபர். அதன் பின்பக்கத்தில் உள்ள கிராஸ்ஓவர் குமிழை (அடித்தொனியை எங்கே பிரிப்பது என்று சொல்லும் குமிழ்) உச்சத்துக்குத் திருப்புங்கள் அல்லது "எல்எஃப்இ" நிலையில் வையுங்கள். பிரிக்கும் வேலையை ரிசீவர் செய்யும், இரண்டு இடத்தில் பிரித்தால் நடுவில் பள்ளம் விழும். சப்பின் சத்தக் குமிழைப் பாதியில் வையுங்கள்.

பிறகு கருவிகளின் ஹெச்டிஎம்ஐ. கடைசியாக ரிசீவரின் "அவுட்" துளையிலிருந்து டிவியில் நீங்கள் படம் எடுத்து வைத்த அந்த ஏஆர்சி துளைக்கு. வேறு துளையில் செருகினால் படம் வரும், டிவியின் ஒலி வராது. மணிக்கணக்கில் தேட வைக்கும் தவறு இது.

மின்சாரம் கொடுத்ததும் டிவி மெனுவில் சிஇசியை (ஹெச்டிஎம்ஐ வழியாகக் கருவிகள் ஒன்றையொன்று இயக்கும் வசதி) இயக்குங்கள், ஒலி வெளியீட்டை "பிசிஎம்" நிலையிலிருந்து "பாஸ்த்ரூ" அல்லது "பிட்ஸ்ட்ரீம்" நிலைக்கு மாற்றுங்கள். சில டிவிகளில் அது "ஆட்டோ" என்று இருக்கும். அட்மோஸ் வரவில்லை என்று கூப்பிட்ட ஒருவர் வீட்டில் நான் செய்தது இதை மட்டும்தான். மாற்றிய நொடியில் ரிசீவரின் முகப்பில் "ஸ்டீரியோ" என்று நின்ற எழுத்து போய் "டால்பி அட்மோஸ்" என்று வந்தது. மூன்று மாதமாக ஏழு ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு அவர் இரண்டு சேனல் ஒலியைக் கேட்டிருக்கிறார்.

11. மைக் வைத்து அளப்பது

மின்விசிறி, ஏசி எல்லாவற்றையும் அணையுங்கள். மைக்கை ஒரு டிரைபாடில், உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில் வையுங்கள். கையில் பிடிக்காதீர்கள், சோஃபாவின் முதுகில் ஒட்டி வைக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் மெத்தை ஒலியை உறிஞ்சி அளவைக் கெடுக்கும்.

முதல் அளவீடு நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தின் நடுவில். தூரமும் சத்த அளவும் இதை வைத்துத்தான் கணக்காகும். மற்ற இடங்களை அதிலிருந்து அரை மீட்டர் வட்டத்துக்குள் எடுங்கள். சோபாவின் இரு கோடிகளுக்கும் போக வேண்டாம், எல்லா இடத்தையும் சமாதானப்படுத்தப் போய் நல்ல இடமும் கெட்டுவிடும். ரிசீவர் எத்தனை இடம் கேட்கிறதோ அத்தனையும் எடுங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள்.

முடிந்ததும் மெனுவுக்குள் போய் இரண்டைச் சரிபாருங்கள். ஸ்பீக்கர்கள் "லார்ஜ்" என்று பதிவாகியிருந்தால் எல்லாவற்றையும் "ஸ்மால்" (அடித்தொனியை சப்வூஃபருக்கு விடும் நிலை) ஆக்கி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். ரிசீவர் 80ஐவிட அதிகமாகக் கண்டுபிடித்திருந்தால் அதைக் குறைக்காதீர்கள், அந்த ஸ்பீக்கருக்கு அவ்வளவுதான் திறன். சப்வூஃபர் தூரம் நிஜத்தைவிட அதிகமாகக் காட்டலாம். 3 மீட்டரில் இருக்கும் சப் 4.5 மீட்டர் என்று வரும். தவறு என்று திருத்திவிடாதீர்கள். சப்புக்குள் இருக்கும் மின்சுற்று ஏற்படுத்தும் தாமதத்தையும் சேர்த்துத்தான் ரிசீவர் தூரமாகக் காட்டுகிறது.

வசனம் இன்னும் மங்கலாக இருந்தால் சென்டர் அளவை 1 அல்லது 2 டெசிபல் ஏற்றுங்கள். சென்டர் ஸ்பீக்கர் அலமாரிக்குள் ஆழமாகத் தள்ளி இருந்தால் அதை விளிம்புக்கு இழுத்து, காதை நோக்கி லேசாகச் சாய்த்துவிட்டு மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

12. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள்

பெட்டியையும் தெர்மாகோலையும் தூக்கிப் போடாதீர்கள். முதல் வாரத்திலேயே எல்லா ஹெச்டிஎம்ஐ துளைகளிலும் ஒரே கருவியை மாற்றி மாற்றிச் செருகிப் படம் வருகிறதா பாருங்கள், நீங்கள் பயன்படுத்தாத துளை உட்பட. ரிசீவரின் சோதனை ஒலியை ஓடவிட்டு, "இடது" என்று சொல்லும்போது இடது ஸ்பீக்கர்தான் ஒலிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கவனியுங்கள். சரவுண்ட் இரண்டும் இடம்வலமாக மாறியிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஒற்றைக் குரல் பாடும் பாடல் ஒன்றை ஸ்டீரியோவில், சென்டர் இல்லாமல், முன் ஸ்பீக்கர் இரண்டில் மட்டும் கேளுங்கள். குரல் நடுவிலிருந்து வர வேண்டும். எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பரவி, அடித்தொனியும் மெலிந்திருந்தால் ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கருப்பும் மாறியிருக்கிறது.

ஒரு முழுப் படத்தை வழக்கமான சத்தத்தில் ஓடவிட்டு, முடிவில் மேல்தகட்டில் கை வையுங்கள். வெதுவெதுப்பு இயல்பு. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் காற்றோட்டத்தைச் சரிசெய்து மறுநாள் அதே படத்தை மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் ஸ்பீக்கர் கம்பி எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் கெடு முடியும் முன் மாற்றிக் கேளுங்கள்.